அந்த விவரம் எந்த ஆண்டில் வந்து சேர்ந்தது?

பேய்க்கதைகள், யார் கையிலும் அகப்படாத விலங்குகள், விடை கிடைக்காமல் நின்றுபோன நிகழ்வுகள் ஆகியவற்றைப் பற்றிக் கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்பவர்களிடம் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லி முடித்துவிட மனம் வருவதில்லை. ஒரு மர்மக் கதையைக் கேட்டதும் எனக்குள் எழுவது வேறொரு கேள்வி. கேட்பவரை மயிர்க்கூச்செறிய வைக்கும் அந்த ஒரு விவரம் எந்த ஆண்டில் முதன்முதலாக எழுத்தில் வந்தது? நிகழ்ச்சி நடந்த வாரத்தில் எழுதப்பட்ட கடிதத்தில் அது இருக்கிறதா, அல்லது முப்பது ஆண்டுகள் கழித்து ஏதோ ஒரு வார இதழில்தான் தலைகாட்டுகிறதா? கணக்குப்பிள்ளைத்தனமான கேள்விதான். ஆனாலும் இதைக் கேட்டுப் பார்த்த பிறகு சில கதைகள் எனக்கு முன்னைவிட அதிகமாகப் பிடித்துப்போயின. வேறு சில, இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோயின.

ஃபிளானன் தீவுகளின் கதையை இதற்கு முதலில் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்கு மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் ஒதுங்கிக் கிடக்கும் சிறு பாறைத் தீவுக்கூட்டம் அது. அவற்றுள் பெரியதான எய்லீன் மோர் தீவின் உச்சியில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் 1899 டிசம்பரில் முதன்முதலாக ஏற்றப்பட்டது. ஓராண்டே ஆன நிலையில், 1900 டிசம்பரில், அங்கே பணியில் இருந்த ஜேம்ஸ் டுகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்ஆர்தர் ஆகிய மூவரும் காணாமல் போனார்கள். 15ஆம் தேதி இரவு அவ்வழியே சென்ற கப்பல் ஒன்று விளக்கு எரியாததைக் கவனித்தது. 20ஆம் தேதி வந்திருக்க வேண்டிய ஹெஸ்பரஸ் என்னும் பணிக்கப்பல், கடல் கொந்தளிப்பால் தாமதமாகி 26ஆம் தேதிதான் தீவை அடைந்தது.

பெரும்பாலோர் கேட்டிருக்கும் கதை இதன் பிறகு இப்படித்தான் போகும்: உள்ளே நுழைந்தவர்கள் உணவு மேசையில் பரிமாறப்பட்ட உணவு தொடப்படாமல் இருப்பதைக் கண்டார்கள், ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது, பணிப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில், இதுவரை காணாத புயல் வீசுவதாகவும், அனுபவசாலியான டுகாட் வாய் திறக்காமல் இருப்பதாகவும், முரடரான மெக்ஆர்தர் அழுதுகொண்டிருப்பதாகவும், மூவரும் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்ததாகவும் மார்ஷல் எழுதியிருந்தார். நள்ளிரவில் படிப்பதற்கு ஏற்ற விவரங்கள் என்பதில் ஐயமில்லை.

முதலில் தீவில் கால் வைத்தவர், பணிமாற்றுக்காக வந்திருந்த ஜோசப் மூர் என்ற காவலர். இரண்டே நாட்கள் கழித்து அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அடுப்பு பல நாட்களாகக் குளிர்ந்து கிடந்ததையும், படுக்கைகள் எழுந்து சென்றபடியே கிடந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். சமையலறைப் பாத்திரங்களைப் பற்றி அவர் சொல்வது கதைக்கு நேர்மாறானது. அவை நன்றாகக் கழுவி வைக்கப்பட்டிருந்தன. ஆகவே மூவரும் மதிய உணவை முடித்த பிறகுதான் வெளியே சென்றிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். பரிமாறி வைத்த உணவும் கவிழ்ந்த நாற்காலியும் எங்கிருந்து வந்தன? 1912இல் வில்ஃபிரட் வில்சன் கிப்சன் என்ற ஆங்கிலக் கவிஞர் இந்நிகழ்ச்சியைப் பற்றி எழுதிய நெடுங்கவிதையிலிருந்து வந்தன. அழுகையும் பிரார்த்தனையும் நிறைந்த அந்தப் பதிவேட்டு வரிகளோ 1929இல் ஓர் அமெரிக்க மலிவு இதழில்தான் முதன்முதலாகத் தோன்றுகின்றன. உண்மையான பதிவேடு 13ஆம் தேதியோடு நின்றது. 15ஆம் தேதி காலை 9 மணி வரையிலான குறிப்புகள் ஒரு கற்பலகையில் எழுதப்பட்டிருந்தன. அவை காற்று, வானிலை, காற்றழுத்தம் பற்றியவை.

விசாரணைக்கு வந்த கண்காணிப்பாளர் ராபர்ட் மியூர்ஹெட் மேற்குப் பக்க இறங்குதுறையைச் சுற்றிப் பார்த்தார். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 110 அடி உயரத்தில், பாறைப் பிளவொன்றில் கயிறுகளோடு வைக்கப்பட்டிருந்த பெட்டியைக் காணவில்லை. கயிறுகள் பாறைகளில் சிதறிக் கிடந்தன. 200 அடி உயரத்திலும் அலை ஏறிப் புல்தரையைப் பெயர்த்திருந்தது. மூவரும் 15ஆம் தேதி பிற்பகலில் அந்தப் பெட்டியைப் பாதுகாக்கச் சென்றபோது பேரலை ஒன்று வாரிக்கொண்டு போயிருக்கும் என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு எனக்கும் ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

இங்கேதான் கதை எனக்குச் சுவாரசியமாகிறது. மூரின் கடிதத்தில், டுகாட்டும் மார்ஷலும் இறங்குதுறைக்குச் செல்லும்போது மட்டும் அணியும் கடற்காலணிகளையும் மழையங்கிகளையும் அணிந்து சென்றிருந்தார்கள் என்ற குறிப்பு இருக்கிறது. மெக்ஆர்தரின் மேலங்கி மட்டும் உள்ளேயே இருந்தது. அவர் வேறு மேலங்கி அணிந்து மூர் பார்த்ததில்லை. அப்படியென்றால் வட அட்லாண்டிக்கின் டிசம்பர்க் குளிரில் அவர் வெறும் சட்டையோடு வெளியே போயிருக்கிறார். ஒருவர் எப்போதும் விளக்கினருகே இருக்க வேண்டிய பணி அது. உள்ளே இருந்தவர் மேலங்கியைக்கூட எடுக்காமல் ஓடுமளவுக்கு என்ன நேர்ந்தது? கீழே ஒருவர் தவறி விழ, மற்றவர் உதவிக்காக ஓடிவந்து அழைத்தாரா? கவிஞர் சேர்த்த உணவு மேசையைக் காட்டிலும், உள்ளேயே விடப்பட்ட அந்த மேலங்கி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. இவ்வளவு நல்ல விவரம் முதல் வாரத்திலேயே எழுதப்பட்டிருக்க, பிற்காலத்தார் அதை விட்டுவிட்டு உணவைப் பிடித்துக்கொண்டது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

விளங்கவில்லை என்றாலும், இதே உணவு மேசை வேறொரு கதையிலும் வந்து உட்கார்ந்திருப்பதைச் சொல்லியாக வேண்டும். மேரி செலஸ்ட் என்ற கப்பல் 1872 நவம்பர் 7ஆம் தேதி 1,701 பீப்பாய் எரிசாராயத்தோடு நியூயார்க்கிலிருந்து ஜெனோவாவுக்குப் புறப்பட்டது. தலைவர் பெஞ்சமின் பிரிக்ஸ், அவருடைய மனைவி, இரண்டு வயது மகள், ஏழு மாலுமிகள் என மொத்தம் 10 பேர் அதில் இருந்தார்கள். டிசம்பர் தொடக்கத்தில் அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையே, ஆளின்றி மிதந்துகொண்டிருந்த அதை டெய் கிராட்டியா என்ற கப்பல் கண்டது. மேசையில் பாதி உண்ட காலையுணவும் ஆறாத தேநீரும் இருந்தன என்று கேட்டிருப்பீர்கள். கப்பலில் முதலில் ஏறிய துணைத் தலைவர் ஆலிவர் டிவோ ஜிப்ரால்டர் நீதிமன்றத்தில் அளித்த சாட்சியமோ, அறையின் மேசையில் உண்பதற்கோ குடிப்பதற்கோ எதுவும் இல்லை என்கிறது. கப்பலின் ஒரே படகையும் காலமானி உள்ளிட்ட வழிகாட்டும் கருவிகளையும் காணவில்லை. அடித்தளத்தில் ஏறத்தாழ மூன்றரை அடி தண்ணீர் நின்றது. இரண்டு நீரிறைப்பிகளில் ஒன்று கழற்றப்பட்டிருந்தது. கப்பலைக் கைவிட்டுப் படகில் இறங்கினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 1884 ஜனவரியில், அப்போது பெயர் பெறாத இளம் மருத்துவராக இருந்த ஆர்தர் கானன் டாயில், கப்பலின் பெயரைச் சற்றே மாற்றி ஒரு சிறுகதையைப் பெயரிடாமல் வெளியிட்டார். அதில் படகுகள் அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. படகைத் திரும்பக் கொண்டுவந்து வைத்த அந்த ஒரு மாற்றம்தான் கடல் விபத்தை அமானுஷ்யமாக்கியது என்பது என் கருத்து. ஆறாத தேநீர் அதற்கும் பிறகு, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதிய கட்டுரைகளில் வந்து சேர்ந்தது. உண்மையில் மிஞ்சும் கேள்வி, அனுபவம் மிக்க ஒரு தலைவர், மிதக்கும் நிலையில் இருந்த கப்பலை விட்டு மனைவியையும் குழந்தையையும் ஏன் சிறு படகில் ஏற்றினார் என்பதுதான். ஜெனோவாவில் சரக்கை இறக்கியபோது ஒன்பது பீப்பாய்கள் வெறுமையாக இருந்தன. கசிந்த எரிசாராய வாயு தீப்பற்றியிருந்தால் கரியடையாளம் இருந்திருக்குமே என்ற மறுப்பு நீண்ட காலம் நிலவியது. 2006இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த வேதியியலாளர் ஆண்ட்ரியா செல்லா, காகிதக் கனசதுரங்களைப் பீப்பாய்களாக அடுக்கி, வாயுவைக் கொளுத்திப் பார்த்தார். பெரும் தீச்சுவாலை எழுந்தது, காகிதம் கருகவில்லை. நடந்தது இதுதான் என்பதற்கு இது நிரூபணமாகாது; நடந்திருக்க முடியாது என்ற மறுப்பை மட்டும் அகற்றுகிறது. நல்ல சோதனைக்கு இவ்வளவே போதும்.

உணவு மேசை ஏன் இரு கதைகளிலும் வருகிறது? மறைந்தவர்கள் நொடிப்பொழுதில் மறைந்தார்கள் என்று காட்ட அதைவிட மலிவான வழி கதைசொல்லிக்குக் கிடையாது. தயாரிப்போடு கிளம்பியவர்கள் விபத்தில் சிக்கினால் அது துயரம். வாய்க்கும் கைக்கும் இடையில் மறைந்தால்தான் அது மர்மம். பெர்முடா முக்கோணத்திலும் இதே வேலை நடந்திருக்கிறது. 1945 டிசம்பர் 5ஆம் தேதி புளோரிடாவிலிருந்து பயிற்சிக்குப் பறந்த ஐந்து அமெரிக்கக் கடற்படை விமானங்கள் 14 பேரோடு தொலைந்தன. திசைகாட்டிகள் பழுதாகிவிட்டன என்று கருதிய அணித்தலைவர், தாம் புளோரிடாவின் தென்முனைத் தீவுகளுக்கு மேலே இருப்பதாகத் தவறாகக் கணித்துத் திசை மாறினார். இருட்டில், கொந்தளிக்கும் கடலுக்கு மேலே எரிபொருள் தீர்ந்தது. கடலே விசித்திரமாகத் தெரிகிறது, வெண்ணிற நீருக்குள் நுழைகிறோம் என்றெல்லாம் வானொலியில் கேட்டதாகச் சொல்லப்படும் வாசகங்கள், 1962இல் வெளியான ஓர் இதழ்க் கட்டுரையில்தான் முதன்முதலாக வருகின்றன. பெர்முடா முக்கோணம் என்ற பெயரே 1964இல்தான் அச்சேறியது.

இந்தக் கேள்விக்குப் பிடிகொடுக்காத ஒரு வகை உண்டு. அதுதான் அசலான பேய்க்கதை. காலக்குறிப்பே இல்லாமல், யாரோ ஒருவருடைய நண்பருக்கு நேர்ந்ததாக அது உலவும். இரவில் சாலையோரம் நின்று வண்டியில் ஏறிக்கொள்ளும் பெண், வீட்டருகே வந்ததும் இருக்கையிலிருந்து மறைந்துபோக, கதவைத் தட்டினால் அவள் இறந்து பல ஆண்டுகள் ஆயிற்று என்று தாய் சொல்லும் கதையை எத்தனை மொழிகளில் கேட்கலாம் என்பதற்குக் கணக்கே இல்லை. ரிச்சர்ட் பியர்ட்ஸ்லி, ரோசலி ஹாங்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1942இலேயே இதன் 79 வடிவங்களைத் திரட்டியிருந்தார்கள். கண்டவர் பெயர் மாறும், சாலை மாறும், சொல்பவருக்கும் கண்டவருக்கும் இடையில் இருக்கும் ஒரே ஓர் ஆள் இடைவெளி மட்டும் மாறாது.

அந்த இடைவெளி மிகப் பழமையானது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன், ரோமானியரான இளைய பிளினி தம் நண்பர் சூராவுக்கு எழுதிய கடிதத்தில், ஏதென்ஸ் நகரில் சங்கிலி ஒலியோடு ஒரு கிழவரின் உருவம் நடமாடிய வீட்டைப் பற்றிச் சொல்கிறார். குறைந்த வாடகைக்குக் கிடைக்கிறது என்று அதை எடுத்த அத்தினோடோரஸ் என்ற தத்துவ ஞானி, இரவில் எழுதிக்கொண்டிருக்கிறார். உருவம் வந்து கையசைத்து அழைக்கிறது. சற்றுப் பொறு என்று சைகை காட்டிவிட்டு அவர் எழுதுவதைத் தொடர்கிறார். அது அவர் தலைக்கு மேலேயே சங்கிலியை ஆட்டுகிறது. பின் எழுந்து அதைத் தொடர்ந்து செல்ல, முற்றத்தில் ஓரிடத்தில் அது மறைகிறது. மறுநாள் அங்கே தோண்டினால் சங்கிலியோடு எலும்புகள் கிடைக்கின்றன. முறையாக அடக்கம் செய்ததும் வீடு அமைதியடைகிறது. பேயைக் காத்திருக்கச் சொல்லும் அந்த ஞானியை எனக்கு மிகவும் பிடிக்கும். இதைச் சொல்லிவிட்டுப் பிளினி, இது பிறர் உறுதியாகச் சொன்னதை நம்பி எழுதுவது என்று கவனமாகக் குறிப்பிடுகிறார். ஆனால் வாடகை வீடும் சங்கிலியும் புதைந்த எலும்பும் அமைதியடையும் ஆவியும் அன்றைக்கே முழுமையாக அமைந்துவிட்டதால், பின்வந்தவர்கள் சேர்ப்பதற்குப் பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

விலங்குகளின் கதையில் ஆண்டுக் கேள்வி மீண்டும் கூர்மை பெறுகிறது. ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இருப்பதாகச் சொல்லப்படும் நீண்ட கழுத்து விலங்கு ஆறாம் நூற்றாண்டிலேயே துறவி கொலம்பாவால் காணப்பட்டது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அடோம்னான் என்பவர் ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய அந்த வரலாற்றில் விலங்கு வருவது ஏரியில் இல்லை, நெஸ் ஆற்றில்; கழுத்தைப் பற்றிய பேச்சே இல்லை. 1933 மே 2ஆம் தேதி உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று வெளியிட்ட நவீன காலத்துச் செய்தியிலும் திமிங்கலம் போன்ற உடல் நீரில் புரண்டதாகத்தான் இருக்கிறது. நீண்டு வளைந்த கழுத்து அதே ஆண்டு ஜூலையில், ஏரிக்கரைச் சாலையைக் கடந்த ஒன்றைக் கண்டதாகச் சொன்ன ஒரு தம்பதியின் கூற்றில்தான் நுழைகிறது. கிங் காங் திரைப்படம் லண்டனில் திரையிடப்பட்டது அந்த ஆண்டின் ஏப்ரலில். நீரிலிருந்து எழும் நீண்ட கழுத்து டைனோசர் அதில் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாட்களின் வரிசையைப் பார்த்தால் எனக்கும் அப்படியே தோன்றுகிறது. உலகப் புகழ்பெற்ற 1934ஆம் ஆண்டுப் புகைப்படம், பொம்மை நீர்மூழ்கியின் மேல் தலையும் கழுத்தும் செய்து பொருத்தி எடுத்தது என்பது 1994இல் வெளியானது. 2018இல் நியூசிலாந்தின் நீல் கெம்மல் தலைமையிலான குழு ஏரி நீரில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளை ஆராய்ந்தது. ஊர்வனவற்றின் தடயம் கிடைக்கவில்லை. விலாங்கு மீனின் தடயம் ஏராளமாகக் கிடைத்தது.

கிராக்கன் என்னும் கடற்பூதத்துக்கு நேர்ந்தது இதற்கு எதிரானது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நார்வேயின் ஆயர் எரிக் பொன்டோப்பிடான் அதன் முதுகின் சுற்றளவை ஒன்றரை மைல் என்று எழுதினார். 1857இல் டென்மார்க்கின் ஜபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப், ஓர் அலகைக்கொண்டு அது பேருருவக் கணவாய் என்று அடையாளம் கண்டு அறிவியல் பெயரிட்டார். 1870களில் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களின் வலையில் சிக்கிய ஒன்றை மோசஸ் ஹார்வி என்ற பாதிரியார் தம் குளியல் தொட்டியின் கம்பியில் தொங்கவிட்டுப் புகைப்படம் எடுத்தார். உயிரோடு அதன் வாழிடத்திலேயே படம் பிடித்தவர்கள் ஜப்பானியரான சுனெமி குபோடெராவும் கியோயிச்சி மோரியும். 2004இல், ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் அது நடந்தது. ஒன்றரை மைல், பன்னிரண்டு பதின்மூன்று மீட்டராகச் சுருங்கிவிட்டது. அலகும் உறிஞ்சிகளும் கண்ணும் துல்லியமாகத் தெரிந்தன. நெஸ் ஏரியின் விலங்கோ 1933இல் இருந்த அதே தொலைவில், அதே மங்கலில் இன்றும் இருக்கிறது. புராண விலங்குகளைப் பற்றிப் பேசும்போது, எப்போதோ அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டுப் பின்னர் கிடைத்த சிலாகாந்த் மீனை எல்லோரும் துணைக்கு அழைப்பார்கள். அது 1938இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு மீன்பிடிப் படகில் உடலாக வந்து சேர்ந்தது; அதற்கு முன் அதைப் பற்றி வதந்தியோ மங்கலான புகைப்படமோ கிடையாது. கொமோரோஸ் தீவு மீனவர்களுக்கு அது பழக்கமான மீன். ஆகவே அந்தத் துணை அவ்வளவு வலுவானதில்லை.

இனி, எந்தக் காலத்திலும் எந்த இடத்திலும் மாறாமல் வரும் ஒரு விவரத்தைப் பற்றி. விழித்துக்கொண்டோம் என்று தெரிகிறது, கைகால் அசையவில்லை, அறையில் யாரோ இருக்கிறார்கள், அது நெருங்கி வந்து நெஞ்சின் மேல் ஏறி அமுக்குகிறது, மூச்சு முட்டுகிறது. எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் எந்த அறிவியல் நூலும் நினைவுக்கு வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ஜப்பானில் இதை உலோகத்தால் கட்டுண்டது போன்ற நிலை என்னும் பொருளில் கனாஷிபாரி என்றும், நியூஃபவுண்ட்லாந்தில் கிழச் சூனியக்காரி என்றும் சொல்வார்கள். ஹென்றி ஃபியூசெலி 1781இல் வரைந்த ஓவியத்தில் ஒரு குட்டிப் பிசாசு உறங்கும் பெண்ணின் மார்பில் குந்தியிருக்கிறது. 1982இல் டேவிட் ஹஃபர்ட் என்ற நாட்டாரியல் ஆய்வாளர் எழுதிய நூலின் மையமே, அந்தக் கிழவியைப் பற்றிக் கேள்விப்பட்டிராதவர்களும் அதே அனுபவத்தை அதே வரிசையில் சொன்னார்கள் என்பதுதான்.

ஃபிளானன் தீவின் உணவு மேசையைப் போல ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக இதைத் தள்ளிவிட முடியாது. கனவு காணும் உறக்க நிலையில், கனவில் செய்வதை உடல் செய்துவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி நீங்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்க, கனவின் உருவங்கள் அறைக்குள் வந்துவிடுகின்றன. மூச்சை நாமாக ஆழமாக இழுக்க முயலும்போது மார்புத் தசைகள் கேட்பதில்லை. அதுவே மேலே ஏறிய பாரமாகத் தெரிகிறது. நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இது நேர்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். மல்லாந்து படுப்பதும் உறக்கக் குறைவும் இதைக் கூட்டுகின்றன. பேயைக் கண்டேன் என்று சொல்பவரைப் பொய்யர் என்று சொல்ல நான் தயங்குவதற்கு இது ஒரு காரணம்; அவர் கண்டது உண்மை, அறையில் ஆள் இருந்தது மட்டுமே உண்மையில்லை.

இதுவரை பேயை நோக்கிக் கேட்ட கேள்வியை, அறிவியல் விளக்கத்தால் பேயோட்டுபவர்களை நோக்கியும் கேட்பதுதான் நியாயம். விளக்கங்களும் கதைகளைப் போலவே வளர்கின்றன. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஓர் ஆய்வகத்தில் பணியாற்றிய விக் டாண்டி, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் ஒன்றைக் கண்டு நடுங்கினார். மறுநாள், பிடிப்பானில் பொருத்திய வாள்விளையாட்டு வாள் தானாக அதிர்வதைக் கண்டு, புதிதாகப் பொருத்திய காற்று வெளியேற்றும் விசிறி, காதுக்கு எட்டாத, வினாடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வுகள் கொண்ட ஒலியை எழுப்புவதைக் கண்டறிந்தார். விசிறியைச் சரிசெய்ததும் உருவமும் அச்சமும் நின்றன. 1998இல் அவரும் டோனி லாரன்சும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அழகான துப்பறிதல் இது; அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதன் பிறகு, பேய் என்றாலே 19 அதிர்வுகள் என்று எழுதிவிடும் வழக்கம் பரவிவிட்டது. லண்டனில் ஓர் அறையை அமைத்து, இத்தகைய ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் செலுத்திப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், பலருக்கு விசித்திர உணர்வுகள் தோன்றின. ஆனால் கருவிகள் இயங்கியதற்கும் அந்த உணர்வுகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அறைக்குள் ஏதோ நேரும் என்ற எதிர்பார்ப்பே போதுமானதாக இருந்திருக்கலாம்.

கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் என்ற விலங்கைப் பற்றிய விளக்கமும் இப்படிப்பட்டதே. கோபி பாலைவனத்தில் கிடக்கும் புரோட்டோசெராடாப்ஸ் என்ற அலகுடைய டைனோசரின் எலும்புகளைப் பொன் தேடிச் சென்ற நாடோடிகள் கண்டதால் பிறந்த உருவம் அது என்று ஏட்ரியன் மேயர் முன்வைத்த கருத்து, அருங்காட்சியகப் பலகைகளில் உறுதியான செய்தியாகவே ஏறிவிட்டது. 2024இல் மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் அதை மறுத்தார்கள். அந்த எலும்புகள் கிடைக்கும் இடங்களுக்கும் பொன் கிடைக்கும் இடங்களுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவு இருக்கிறது. கிரிஃபின் ஓவியங்களோ எகிப்திலும் மேற்காசியாவிலும் அதற்கு வெகு முன்பே இருக்கின்றன. ஒற்றைக்கண் அரக்கனின் கதை குள்ள யானையின் மண்டையோட்டைக் கண்டு பிறந்தது என்பதும், 1914இல் ஒதேனியோ ஆபெல் என்ற தொல்லுயிரியலாளர் செய்த ஊகம்; பழங்காலத்தார் எவரும் அப்படி எழுதி வைக்கவில்லை. இவ்விரண்டும் தவறென்று நான் சொல்ல வரவில்லை. பேய்க்கதையைக் கேட்டு நகைப்பவர், இவற்றைக் கேட்டவுடன் தலையாட்டுகிறார் என்பதை மட்டும் கவனித்திருக்கிறேன்.

முழுமையாக விடை கிடைத்த மர்மங்களில் கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் நகரும் கற்கள் எனக்குப் பிடித்தவை. வறண்ட ஏரிப்படுகையில், நீண்ட தடங்களை விட்டுவிட்டு, யாரும் பார்க்காத நேரத்தில் அவை இடம் மாறின. சூறைக்காற்று, காந்தம், வேற்றுலகவாசிகள் என எல்லாமே சொல்லப்பட்டன. ரிச்சர்ட் நோரிஸ், ஜேம்ஸ் நோரிஸ் ஆகியோர் இடங்காட்டிக் கருவி பொருத்திய கற்களை அங்கே வைத்துக் காத்திருந்து, 2013 டிசம்பரில் அவை நகர்வதைத் தம் கண்ணாலேயே கண்டார்கள். இரவில் உறைந்த மெல்லிய பனித்தகடுகள் பகலில் உடைந்து, இளங்காற்றில் மிதந்து, நிமிடத்துக்குச் சில மீட்டர் வேகத்தில் கற்களைத் தள்ளின. பனித்தகட்டின் தடிமன் சில மில்லிமீட்டர்களே. முன்பு சொல்லப்பட்ட எந்த ஊகத்தையும்விட இந்த விடை விசித்திரமானது.

விடை பாதியில் நிற்பது பந்து மின்னலுக்கு. இடிமழையின்போது ஒளிரும் உருண்டை ஒன்று காற்றில் மிதந்து சென்றதாக நூற்றாண்டுகளாகப் பலர் சொல்லி வந்தார்கள். கண் கூச்சம் என்று அறிவியலாளர்கள் பலர் ஒதுக்கினார்கள். 2012இல் சீனாவின் லான்சோ நகரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சாதாரண மின்னலைப் பதிவு செய்ய வைத்திருந்த கருவிகளில் அது தற்செயலாகச் சிக்கியது. 2014இல் வெளியான அதன் நிறமாலையில் சிலிக்கான், இரும்பு, கால்சியம் என மண்ணில் உள்ள தனிமங்கள் இருந்தன. மின்னல் தாக்கிய மண்ணிலிருந்து எழும் சிலிக்கான் ஆவி எரிவதே பந்து மின்னல் என்று ஜான் ஆப்ரகாம்சனும் ஜேம்ஸ் டின்னிசும் 2000ஆம் ஆண்டிலேயே கூறியிருந்ததற்கு இது பொருந்தி வந்தது. ஆனால் ஆர். சி. ஜெனிசன் என்ற மின்னணுவியல் பேராசிரியர் 1969இல் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. 1963இல், இடிமழைக்குள் பறந்த பயணிகள் விமானத்தில், 20 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான விட்டமுள்ள ஒளியுருண்டை விமானி அறைப் பக்கமிருந்து வெளிவந்து, தம்மிடமிருந்து அரை மீட்டர் தொலைவில், உயரம் மாறாமல் நடைபாதை வழியே சென்றதை அவர் அதில் விவரிக்கிறார். வெப்பம் எதுவும் உணரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். கண்டவரே, அளவுகளோடு, தம் பெயரில் எழுதியது. இடையில் நண்பரின் நண்பர் எவரும் இல்லை. உலோக உடலுக்குள், மண்ணே இல்லாத இடத்தில் நடந்த இதற்குச் சிலிக்கான் விளக்கம் உதவாது. லான்சோவில் பதிவானதும் ஜெனிசன் கண்டதும் ஒரே நிகழ்வுதானா, அல்லது இரு வேறு நிகழ்வுகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணி வருகிறோமா என்பதைப் பற்றித்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.